வெட்டி அனுப்பிய பாலைவனம்

பட்டுப் புடவைக் கடையின் மாடியில், ஆன்லைன் பிரிவு என்று சொல்லப்படும் ஒரு சின்ன அறையில் எனக்கு வேலை. காலை பத்து மணியிலிருந்து புடவைகளைப் படம் எடுப்பேன். முந்தானை ஒன்று, உடல் ஒன்று, கரை ஒன்று, மடித்து வைத்து ஒன்று என்று ஒரு புடவைக்கு நான்கு படம். வெளியூர்க்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். நிறம் மாறிவிடக் கூடாது. ஒருமுறை மயில் கழுத்து நிறம் படத்தில் வெறும் பச்சையாக விழுந்து, அந்தப் புடவை திரும்பி வந்துவிட்டது. அதிலிருந்து ஜன்னல் பக்கம் வெள்ளைத் துணியை விரித்து, பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் எடுப்பேன்.

நாள் முழுக்க இதையே செய்கிறவளுக்கு வெளியே வந்தால் போனைத் தொடவே பிடிக்காது என்றுதான் யாரும் நினைப்பார்கள். எனக்கு வெளியே வந்த பிறகுதான் ஆசையே வரும். மாலை ஐந்து மணிக்கு டீ குடிக்கக் கீழே இறங்கும்போது, யாரும் விலை கேட்காத விஷயங்களைத் தேடுவேன். டூரிஸ்ட் பஸ்ஸில் பெட்டிகள் வைக்கும் அறைக்குள், கதவைத் திறந்து போட்டுக்கொண்டு தூங்கும் டிரைவர். கோயில் வாசலில் செருப்புகளுக்கு நடுவே, அதுவும் யாரோ விட்டுப்போன பொருள் போலப் படுத்திருக்கும் நாய். ஹோட்டல் பின்புறம் டம்ளர் கழுவும் பெண்ணின் முழங்கை வரை ஏறிய நுரை. பார்த்ததும் ஒன்று, அதிகம் போனால் இரண்டு படம். அதற்கு மேல் எடுத்தால் அவர்கள் நிமிர்ந்து பார்த்துவிடுவார்கள், பிறகு அது வேறு படமாகிவிடும்.

இதையெல்லாம் ஒரே ஒருவருக்குத்தான் அனுப்பினேன். என் கணவருக்கு.

அவர் வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லுக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி ஒன்பதாவது வருடம் சவுதிக்குப் போனார். குழந்தை இல்லை. ஊரில் அதைப் பற்றிக் கேள்வி கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சலித்தும்தான் போனார் என்று நினைக்கிறேன். அங்கே பாலைவனத்தில் ரோடு போடுகிற கேம்ப்களுக்குத் தண்ணீர் டேங்கர் ஓட்டும் வேலை. ஆரம்பத்தில் தினமும் போன் பேசினோம். "சாப்டியா?" "ஆச்சு. நீங்க?" "ஆச்சு." அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் வராது. போனைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருப்போம்.

ஒருநாள் பேச்சுக்குப் பதிலாக ஒரு படம் அனுப்பினார். கம்பி வேலியில் மாட்டிக்கொண்டு, காற்றில் பொங்கி நிற்கும் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பை. அதைச் சுற்றி மணலைத் தவிர ஒன்றுமே இல்லை. கீழே ஒரு வார்த்தையும் எழுதவில்லை. பதிலுக்கு நான் அந்தப் பெட்டி அறை டிரைவரை அனுப்பினேன். "நல்லா தூங்குறாரு" என்று எழுதினார். அன்றிலிருந்து தினமும் ஒரு படம் அவர், ஒரு படம் நான். நம் ஐந்து மணி அங்கே இரண்டரை. டேங்கரை நிழலில் நிறுத்திவிட்டு அனுப்புவார். பிக்கப் வண்டியின் பின்தட்டில் மண்டியிட்டுப் போகும் ஒட்டகம். லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்து முகச்சவரம் செய்யும் ஒரு ஆள். பாதி ரோட்டை மூடிவிட்ட மணல், அதன் மேல் ஒரே ஒரு டயரின் தடம். அவருக்கு இப்படியெல்லாம் பார்க்கத் தெரியும் என்று ஒன்பது வருடம் கூடவே இருந்தும் எனக்குத் தெரியாது.

நாலாவது வருடம், பொங்கலுக்கு லீவில் வருவதாகச் சொன்னார். அவர் வரும்போது இரண்டு பேர் படங்களையும் சேர்த்து ஒரு ஆல்பம் போட்டு வைக்கலாம் என்று எனக்கு ஒரு எண்ணம். இடது பக்கம் அவர் அனுப்பியது, வலது பக்கம் அதே நாளில் நான் அனுப்பியது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை பார்க்கும் பெண், புடவை மடித்துக் கொடுப்பவள், டிபன் பாக்ஸோடு பின்னால் வந்து நின்றாள்.

"அக்கா, இந்த டயரு அந்த டயருதானே?"

"எந்த டயரு?"

"மேல ரெண்டாவது வரிசைல பாருங்க. மணல்ல பாதி புதைஞ்சிருக்குதே. அதேதான்க்கா இது. கிட்டக்க எடுத்தா மாதிரி இருக்குது."

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் படம் பெரியது. டயர், அதற்குப் பின்னால் மண்மேடு, மேகமில்லாத வானம். அது வந்தது முந்தின வருடம். இரண்டாவது, போன ஐப்பசியில் வந்தது. அதில் டயர் மட்டும். டயர் ஓரத்தில் இருந்த காலடித்தடம் இரண்டிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில் சரிந்திருந்தது. பெரிய படத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தது அது.

நான் சாப்பிடவில்லை. ஒவ்வொன்றாகத் தேடினேன். ஆடி மாதத்துக்குப் பிறகு வந்தவை எல்லாமே அப்படித்தான். ஒட்டகப் படத்திலிருந்து தூரத்து வேலி மட்டும். ரோட்டுப் படத்திலிருந்து அதன் மேல் மூலை மட்டும், வெறும் மணல். பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாக உடைந்தது. தினமும் படத்தைச் சலித்துப் பார்க்கிற வேலை என்னுடையது. அந்த மங்கலை நானும் கவனித்துத்தான் இருந்தேன். போன் பழசாகிவிட்டது, வரும்போது புதிது வாங்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்ததோடு சரி.

மாடிப்படியில் நின்று போன் செய்தேன்.

"எங்க இருக்கீங்க?"

"வண்டிலதான். ஏன்?"

"வண்டிச் சத்தமே கேக்கலையே."

"நிறுத்தி வச்சிருக்கறேன்மா."

"அந்த டயரு படத்த வெட்டித் திரும்ப அனுப்பி இருக்கீங்க. வேலியும் அப்பிடித்தான். எல்லாத்தயும் பாத்துட்டேன்."

அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். ஒரு பாத்திரம் உருளும் சத்தம்.

"கேம்ப்ப மூடிட்டாங்க" என்றார் கடைசியில். "ஆறு மாசம் ஆவுது. முதலாளி ஆளயே காணோம். இக்காமா முடிஞ்சுபோச்சு."

இக்காமா என்பது அங்கே தங்குவதற்கான அட்டை. அது இல்லாமல் தெருவில் நடந்தால் பிடித்துக்கொண்டு போவார்கள். நகரத்தில் ஒரு ரூமில் அவரோடு சேர்த்து எட்டுப் பேர் ஒளிந்துகொண்டிருக்கிறார்கள். அட்டை உள்ள ஒருவர் மட்டும் வெளியே போய் ரொட்டி வாங்கி வருவார். ஜன்னலைத் திறந்தால் ஒரு கை தூரத்தில் பக்கத்துக் கட்டிடத்துச் சுவர்.

"எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ இன்னா பண்ணுவ? அழுதுக்கினு இருப்ப." பிறகு, "படத்த மட்டும் நிறுத்திடாதம்மா. அஞ்சு மணி படத்துக்கு எட்டுப் பேரும் காத்துக்கினு இருக்கறாங்க. ஒரு போன சுத்தி உக்காந்து பாப்போம். ஓரமா நிக்கிறவன் யாரு, எங்க போறான்னு பேசிக்கினு இருப்போம். அதுலதான் பொழுது போவுது" என்றார்.

நான் நிறுத்தவில்லை. முன்பு எனக்குப் பிடித்ததை எடுத்தேன். இப்போது எட்டுப் பேர் பேசுவதற்கு ஏதாவது இருக்க வேண்டுமே என்று எடுத்தேன். கூட்டம் உள்ள படங்களாகத் தேடினேன். அந்த ரூமில் ஆரணிக்காரர் ஒருவர் இருந்தார். எங்கள் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆரணி போகிற பஸ்ஸை ஒருமுறை எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டு அனுப்பினார். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய் நின்றேன். முன்னால் ஊர்ப் பெயர் தெரிய வேண்டும், ஏறுகிறவர்கள் முகமும் தெரிய வேண்டும். முதல் பஸ்ஸில் வெயில் கண்ணாடியில் பட்டுக் கூசியது. இரண்டாவது பஸ் சரியாக விழுந்தது. "பாத்துட்டு பாத்ரூம்குள்ள போயிட்டாருமா, இன்னும் வெளிய வரல" என்று எழுதினார் என் கணவர்.

அவரை மீட்டுத் தரச் சொல்லிக் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுக்கப் போனேன். மனுவோடு அவருடைய புகைப்படம் வேண்டும் என்றார்கள். என் போனில் அவர் அனுப்பிய படங்கள் ஆயிரத்துக்கு மேல் இருந்தன. அவர் முகம் ஒன்றில்கூட இல்லை. ஒரு படத்தில் மணல் மேல் நீண்டு விழுந்த நிழல் இருந்தது, அவ்வளவுதான். கடைசியில் கல்யாணப் படத்தை போட்டோக் கடைக்குக் கொண்டுபோய், என்னை வெட்டி எடுத்துவிட்டு அவரை மட்டும் பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னேன். மாலை போட்ட மாப்பிள்ளையின் முகத்தை மனுவில் ஒட்டிக் கொடுத்தேன். வாங்கியவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

பொங்கல் போனது. சித்திரை போனது. எத்தனையோ மனுக்களுக்குப் பிறகு, அவரே போய் அதிகாரிகளிடம் சரணடைந்தால் அவுட்பாஸில், அதாவது நாட்டை விட்டு வெளியேற மட்டும் கொடுக்கும் சீட்டில், அனுப்பி வைப்பார்கள் என்று தெரிந்தது. சரணடைந்தார். இருபத்தாறு நாள் எந்தத் தகவலும் இல்லை. சென்னை விமான நிலையத்தில் அவர் வெளியே வந்தபோது கையில் ஒரு பிளாஸ்டிக் பை மட்டும். உள்ளே ஒரு லுங்கி, ஒரு சோப்பு டப்பா. சரணடைந்தபோது போனை வாங்கி வைத்தவர்கள் திருப்பித் தரவில்லை. நான் அவர் பக்கத்தில் போய் நின்ற பிறகும் கூட்டத்துக்குள் என்னையே தேடிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பியது உண்மை. செவிலிமேட்டில் எங்கள் வாடகை வீட்டில் அவர் முதல் வாரம் தூங்கினார். இரண்டாவது வாரமும் தூங்கினார். ஆரணிக்காரர் இன்னும் அந்த ரூமிலேயேதான் இருந்தார். என் எண்ணை வாங்கி வைத்திருந்தவர், "எனக்கும் படம் அனுப்புவீங்களாம்மா" என்று கேட்டிருந்தார். தினமும் அனுப்பினேன். பன்னிரண்டு நாள் பார்த்தார். பதின்மூன்றாம் நாளிலிருந்து ஒற்றை டிக்தான். ஒரு மாதம் வரை அனுப்பிப் பார்த்தேன். அவருக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. என் கணவரிடம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

ஆவணியில் பழைய ரைஸ் மில் வேலைக்கே போனார். வேன் சாவியை வாங்கிய நாள் முகத்தில் கொஞ்சம் களை இருந்தது. பதினோராம் நாள், மில்லிலிருந்து எனக்கு போன் வந்தது. வேன் செவிலிமேட்டுப் பாலத்துக்குப் பக்கத்தில் கதவு திறந்தபடி நிற்கிறது, ஆளைக் காணோம் என்றார்கள். ஆட்டோவில் ஓடினேன். பாலத்துக்கு முன்னால் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் ஹெல்மெட் போடாத வண்டிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. ஆற்றுக்குள் இறங்கினேன். மழைக்கு முந்தின பாலாறு. தண்ணீர் இல்லை. சீமைக் கருவேலப் புதர்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டையைக் கழற்றித் தலைமேல் போட்டிருந்தார். முதுகு முழுக்க முள் கீறல்.

"எழுந்து வாங்க."

"போயிட்டாங்களா?"

"அவங்க ஹெல்மெட்டு பாக்க நிக்கிறாங்க. உங்கள ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"எங்கிட்ட பேப்பரு இல்ல."

"நம்ம ஊருங்க இது. இங்க எந்தப் பேப்பரும் வேணாம்."

அவர் சுற்றிலும் பார்த்தார். நான் சொன்னதை நம்ப முயற்சி செய்கிற மாதிரி பார்த்தார். பிறகு தலைமேல் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, "நீ போ. உன்னயும் சேத்து புடிச்சுடுவாங்க" என்றார்.

நானும் மணலில் உட்கார்ந்தேன். பாலத்தில் போலீஸ்காரர்கள் கிளம்பிப் போகும்வரை இருவரும் அப்படியே இருந்தோம். இரண்டு மணி நேரம் இருக்கும். அத்தனை நேரமும் என் போன் கையில்தான் இருந்தது. அந்த இடம், அந்த வெளிச்சம், புதர் நிழலில் அவர் முதுகு. இதுவரை நான் எடுத்த எல்லாவற்றையும்விட நல்ல படமாக இருந்திருக்கும் என்று என் மனசுக்குள் ஒன்று அளவு பார்த்தது. அதற்காக என்னை நானே வெறுத்தேன். அதோடு எனக்கு அந்த ஆசை விட்டுப்போயிற்று.

டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். சாப்பிட்டால் தூங்குகிறார், சாப்பிடாவிட்டால் நடந்துகொண்டே இருக்கிறார். வேலைக்குப் போகச் சொல்லி நான் கேட்பதில்லை. கடையில் கூட வேலை பார்க்கும் அந்தப் பெண், "உங்க படத்தயெல்லாம் இன்ஸ்டாவுல போடலாம்க்கா, நல்லா போவும்" என்று அடிக்கடி சொல்கிறாள். சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த புடவையை விரிப்பேன். ஐந்து மணிக்கு டீயை அவளையே மேலே வாங்கி வரச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக் கதவு எந்நேரமும் உள்ளே தாழ் போட்டுத்தான் இருக்கும். காலிங் பெல்லைக் கழற்றி வைத்துவிட்டார். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வந்து தட்டினால்கூடக் கட்டிலுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறார். அதனால் நான் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கியதும், தெருமுனையில் நின்று அவருக்கு வாங்கிக் கொடுத்த போனுக்குக் கூப்பிடுவேன்.

"நான்தாங்க. வந்துட்டேன்."

"கூட யாரு?"

"யாரும் இல்லங்க. நான் மட்டுந்தான்."

அப்புறமும் கதவு திறக்கக் கொஞ்ச நேரம் ஆகும். காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றுகொண்டிருப்பேன்.