சுடுதண்ணீர்த் தாங்கி போட்டிருந்த கோட்டு

ஒரு குளிர்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றது சுடுதண்ணீர்த் தாங்கி மட்டும்தான்.

அப்போது கிரின்ஸ்டெட் என்ற சிறிய ஊரில் ஒரு டெனிஷ் கிழவரின் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். இன்று என் பேரப்பிள்ளைகள் குழாயைத் திறந்துவிட்டு, பாட்டு முடியும்வரை கீழே நிற்கிறார்கள். எங்களுக்கு அந்தச் சொகுசு இருக்கவில்லை. நிலவறையில் ஆளுயரத்துக்கு நின்ற ஒரு வெள்ளைத் தாங்கிதான் கரண்டில் தண்ணீரைச் சூடாக்கியது. டெனிஷ்காரக் குடும்பமென்றால் அது தாராளமாகக் காணும். நாங்களோ கிணற்றடியில் பழகியவர்கள். வாளி வாளியாகத் தலையில் ஊற்றினால்தான் குளித்ததாக ஒத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமையென்றால் எல்லோரும் முழுகவேண்டும். முழுகாமல் அம்மா அடுப்பைத் தொடமாட்டார். கடைசியாக முழுகுகிறவருக்குப் பச்சைத்தண்ணீர். அந்த மரியாதை பெரும்பாலும் அப்பாவுக்குத்தான் கிடைத்தது.

அப்பாவுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. விடிய வந்ததும் நிலவறைக்கு இறங்கி, பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதுபோலத் தாங்கியின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். ஒருநாள் அம்மாவையும் கூப்பிட்டார்.

“இஞ்சரும், தொட்டுப் பாரும். இந்தச் சூடெல்லாம் ஆருக்குப் போகுது? நாங்கள் நிலவறையைக் குளிக்க வாத்துக்கொண்டிருக்கிறம்.”

பாவம், அதுக்கும் குளிராதோ என்று அம்மா கேட்டார். கதை அதோடு நின்றது.

அப்பாவுக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அம்மா டெனிஷ் படிக்கவேண்டும். டொக்டரிடம் போனாலும் கடைக்குப் போனாலும் அம்மா எனக்குப் பின்னால்தான் நின்றார். எட்டு வயதில் அவருடைய வாய் நான்தான். அதில் எனக்குச் சில வசதிகள் இருந்தன. பள்ளிக்கூடத்தில் என்னைப்பற்றிச் சொன்ன குறைகளெல்லாம் என் வாயில் புகழாகி அம்மாவிடம் போய்ச் சேர்ந்தன.

கடைசியில் அம்மா இணங்கினார். யாரோ கொடுத்த தடித்த கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு பின்னேரம் வகுப்புக்குப் புறப்பட்டார். அப்பா நித்திரை கொண்டதால் தம்பியும் நானும் கூடப் போனோம்.

வகுப்பு ரீச்சர் நல்ல மனுசி. பெயர் என்ன, எந்த நாடு, எத்தனை பிள்ளைகள் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். பிள்ளைகள் எத்தனை என்றதும் அம்மா மூன்று விரல்களைக் காட்டினார். ரீச்சர் என்னையும் தம்பியையும் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே கிட்ட வந்து, அம்மாவின் ஒரு விரலைப் பிடித்து மெல்ல மடக்கிவிட்டு, ‘இரண்டு’ என்று டெனிஷில் சொல்லிக்கொடுத்தார். வகுப்பே சிரித்தது. அம்மாவும் சிரித்தார். நானும்தான்.

அண்ணை எங்களோடு வந்திருக்கவில்லை. சைக்கிளில் கடைக்குப் போனவன் திரும்பாத பிறகுதான் நாங்கள் ஊரைவிட்டுப் புறப்பட்டோம். அவன் பிறகு வருவான் என்று தம்பிக்கும் எனக்கும் சொல்லியிருந்தார்கள். நாங்களும் சரியென்று விட்டுவிட்டோம்.

அடுத்தநாள் அந்தக் கோட்டு தாங்கிக்கு ஏறியது.

அம்மா பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டி, இடுப்பில் பழைய சேலைத் துண்டால் இறுக்கிக் கட்டினார். இரண்டு கைகளும் வெறுமையாகத் தொங்கின. தம்பி இறங்கிப் போய் ஒரு கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தான். வெள்ளிக்கிழமை அப்பாவுக்கும் சுடுதண்ணீர் கிடைத்தது. கரண்ட் மீற்றர்கூட மெதுவாகச் சுற்றுகிறது என்றார். வருகிற தமிழ் ஆட்களையெல்லாம் நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அதன்பிறகு கிரின்ஸ்டெட்டில் இன்னும் சில தாங்கிகள் போர்வை போர்த்தன.

வகுப்பு நாள் வந்தது.

“வெளிக்கிடேல்லையோ?” என்றார் அப்பா.

“கோட்டில்லாமல் எப்பிடிப் போறது?”

“தாங்கியிலை கிடக்குத்தானே. கழட்டிப் போட்டுக்கொண்டு போமன்.”

“பிறகு உங்களுக்குப் பச்சைத்தண்ணி.”

சுடுதண்ணீரில் முழுகிப் பழகிய மனிதரால் அதற்குமேல் என்ன சொல்லமுடியும். அடுத்த கிழமையும் அதே கதைதான். பிறகு கேட்பதையும் விட்டுவிட்டார். பனி கொட்டியது. அம்மா கடைக்குக்கூடப் போகவில்லை. யன்னலடியில் நின்று தெருவைப் பார்த்தார்.

ஒருநாள் வீட்டுக்காரக் கிழவர் குழாய் பார்க்க நிலவறைக்கு இறங்கினார். இருட்டில் கொழுத்த ஆள் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டு மரியாதையாக வணக்கம் சொன்னார். பதில் வராததால் திரும்பவும் சொன்னார். பிறகு லைற்றைப் போட்டார். படியில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தார்.

சனிக்கிழமை வெள்ளித்தாள் ஒட்டிய தடித்த பஞ்சுப் போர்வையோடு வந்து, அளவாக வெட்டித் தாங்கியைச் சுற்றி ஒட்டினார். சூட்டைக் கூட்டிக் குறைக்கிற குமிழை மட்டும் மூடாமல் விட்டார். கோட்டு அதை மூடிக்கொண்டிருந்தது ஆபத்தாம். நான்தான் மொழிபெயர்த்தேன். அதன்பிறகு கிழவர் கோட்டை எடுத்துத் தூசு தட்டி, தோள்களில் பிடித்து விரித்துக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் நின்றார். டெனிஷ் ஆம்பிளைகள் பெண்களுக்குச் செய்கிற மரியாதை அது. அம்மாவுக்கு அதுவரை யாரும் கோட்டுப் போட்டுவிட்டதில்லை. கிழவர் பிடித்துக்கொண்டே நின்றார். வேறு வழியில்லாமல் அம்மா கைகளை நுழைத்தார்.

“இனி என்ன சாட்டு?” என்றார் அப்பா.

அம்மா தாங்கியைப் பார்த்தார். “அதுக்கு இனிக் குளிராதெண்டால் சரி.”

அடுத்த வகுப்புக்கும் நாங்கள் கூடப் போனோம். அறை அப்படிச் சூடு. எல்லோரும் கோட்டுகளைக் கழற்றிக் கொளுவியிருந்தார்கள், அம்மாவைத் தவிர. புதிதாக வந்தவர்களும் இருந்ததால் ரீச்சர் பழைய கேள்விகளையே முதலிலிருந்து கேட்டார். எத்தனை பிள்ளைகள்?

அம்மா இரண்டு கைகளையும் கோட்டுப் பைகளுக்குள் ஆழமாக விட்டிருந்தார்.

“த்ரே,” என்றார். டெனிஷில் மூன்று.

ரீச்சர் எங்களைப் பார்த்தார். கோட்டுப் பைகளைப் பார்த்தார்.

“த்ரே,” என்று அம்மா திரும்பவும் சொன்னார். ரீச்சர் தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போனார்.

அம்மாவுக்கு இன்னும் எண்ணத் தெரியவில்லை என்று வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். அப்பா எழுந்து நிலவறைக்குப் போய்விட்டார். வகுப்பில் சரியான குளிரோ என்று அம்மாவைக் கேட்டேன்.

“ஓம்,” என்றார்.

வேர்க்கிற அறையில் அவருக்கு மட்டும் எப்படிக் குளிர்ந்தது என்று எனக்கு விளங்கவில்லை. நிலவறைக் குளிர் இன்னும் கோட்டைவிட்டுப் போகவில்லையாக்கும் என்று தம்பிக்கு விளங்கப்படுத்தினேன். அவனும் நம்பினான்.