மானுக்குள் நிற்காத அம்பு

பர்மாவில், அலோன் துறைமுகத்துக் கிடங்கில் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டும் உதயசூரியனுக்கு எதிலும் ஒரு முடிவுக்கு வரத் தெரியாது. டீக்கடையில் பால் தூக்கலாகவா, சாயம் தூக்கலாகவா என்று கேட்டால், "நேத்து என்ன குடிச்சேன்?" என்று கடைக்காரரையே திருப்பிக் கேட்பார். கிடங்குப் பதிவேட்டில் அவருக்குப் பர்மியப் பெயர், ஊ நே லின். கோவிலில் உதயசூரியன். செவ்வாய்க்கிழமை முருகனுக்கு விளக்குப் போடுவார், பௌர்ணமிக்குப் புத்தர் பகோடாவில் பூ வைப்பார். எங்கே எந்தப் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்வது என்று சந்தேகம் வந்து, இரண்டு இடத்திலும் இரண்டு பெயரையும் சொல்லிவிடுவார். "மத்தீபூ" என்பது அவர் வாயில் ஓயாமல் புரளும் பர்மியச் சொல். தெரியாது என்று அர்த்தம். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு ஒரு மனசு வேண்டும், அது அவரிடம் தாராளமாக இருந்தது.

ஆனால் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டால் ஆளே வேறு. மண்டலே வரை போகிற லாரி மேட்டிலும் பள்ளத்திலும் குலுங்கினாலும் அவர் போட்ட முடிச்சு அவிழாது. அந்தக் கையை நம்பித்தான் கோவிலில் வில் கட்டும் பொறுப்பை அவரிடம் விட்டிருந்தார்கள்.

மழை ஓய்கிற சமயத்தில் அந்தக் கோவிலில் வேட்டைத் திருவிழா நடக்கும். முருகன் வேடனாகப் புறப்பட்டு வருவார். தெருமுனையில் ஒரு மான் நிற்கும். படுக்கவைத்த வாழைத்தண்டு உடம்பு, மூங்கில் கழி கால், கொய்யாக் கிளை கொம்பு. பூசாரி பொன்னுத்துரை முருகனுக்குப் பதிலாக வில்லை எடுத்து அம்பு விடுவார். அம்பு மானின் விலாவில் குத்தி நிற்க வேண்டும். நின்றால் ஊருக்கு நல்ல வருஷம். நிற்காவிட்டால் என்ன என்று யாரும் யோசித்ததில்லை, ஏனென்றால் போன வருஷம் வரை அது நிற்காமல் இருந்ததில்லை.

போன வருஷம் நிற்கவில்லை. பொன்னுத்துரைக்குத் தோள்பட்டை வலி. அவர் இழுத்த இழுப்பில் அம்பு சோம்பலாகப் போய் மானின் மேல் முட்டி, செத்த பல்லி மாதிரி பொத்தென்று கீழே விழுந்தது. சிலர் சிரித்தார்கள். உதயசூரியனின் மனைவி ஜெயம்மா சிரிக்கவில்லை. அடுத்த வாரம் அவர்களுடைய ஒரே மகன் ராம் வேலை தேடித் தாய்லாந்துக்குப் போனான். வந்து சேர்ந்துவிட்டேன் என்று ஒரு தடவை போனில் பேசினான். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. அவனோடு போன பையன்களைக் கேட்டால் ஒருவன் ராம் மீன் கம்பெனியில் இருக்கிறான் என்றான், இன்னொருவன் அவன் அங்கிருந்து எப்போதோ போய்விட்டான் என்றான்.

"நீங்க கட்டின வில்லு. நீங்க சீவின அம்பு," என்றாள் ஜெயம்மா. சண்டை போடுகிற குரலில் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் சோறு போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "இந்த வருஷம் அம்பு நின்னுச்சுன்னா புள்ள பேசுவான். எனக்குத் தெரியும்."

அம்புக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று உதயசூரியன் இரவெல்லாம் யோசித்தார். சம்பந்தம் இல்லை என்று தோன்றியது. இருந்துவிட்டால் என்ன செய்வது என்றும் தோன்றியது. விடிந்ததும் கிடங்குக் கணக்கர் கமாலிடம் போய் நின்றார். பெட்டிகளின் மேல் உள்ள இங்கிலீஷை வாசிக்கத் தெரிந்தவர் அங்கே கமால் ஒருவர்தான்.

"அம்பு உள்ள போகணும், கமால். போய் நிக்கணும். அதுக்கு என்ன செய்யணும்?"

கமால் போனில் தேடினார். அமெரிக்காவில் வில்லை வைத்து மான் வேட்டையாடுகிறவர்களின் வீடியோக்கள் வந்து கொட்டின. காட்டுக்கு நடுவில் மரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, மணிக்கணக்கில் கிசுகிசுவென்று பேசினார்கள். கரண்ட் இருக்கிற நேரமாகப் பார்த்து உதயசூரியனும் கமாலும் அதைப் பார்த்தார்கள். ஒருவன் அம்பு லேசாக இருக்க வேண்டும், அப்போதுதான் வேகம் என்றான். அடுத்தவன் அதெல்லாம் சுத்தப் பேத்தல், அம்பு கனமாக இருக்க வேண்டும் என்றான். இரண்டு பேருமே மானை அடித்திருந்தார்கள். உதயசூரியனுக்கு மண்டை காய்ந்தது.

"ரெண்டு பேரும் சொல்றது சரியா இருந்தா நான் எதச் செய்றது?"

"லாரிய வச்சு யோசிங்க, உதயா அண்ணே," என்றார் கமால். "காலி லாரி பறக்கும். பிரேக் மிதிச்சா நின்னுரும். லோடு லாரி மெதுவாத்தான் போகும், ஆனா மிதிச்ச இடத்துல நிக்காது. நமக்கு வாழைத்தண்டுக்குள்ள பூந்து போற லாரி வேணும். லோடு ஏத்துங்க, அதுவும் முன்பக்கமா. மொனைய நல்லாக் கூராக்குங்க. மத்ததெல்லாம் வில்ல எவ்வளவு தூரம் இழுக்கிறாரோ அதப் பொறுத்தது."

லாரி என்றதும் உதயசூரியனுக்குப் பாதி விளங்கியது. மீதிப் பாதியும் விளங்கிவிடும் என்று இன்னொரு வீடியோவைப் பார்த்தார். அதில் ஒருவன் அம்பை விட்டுவிட்டு, மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்தான், உட்கார்ந்தான், உட்கார்ந்துகொண்டே இருந்தான்.

"இவன் ஏன் போய்ப் பாக்காம குந்தியிருக்கான்?"

கமால் போனைக் காதில் வைத்துக் கேட்டார். "அம்பு பட்ட மான் அங்கேயே விழாதாம். ஓடுமாம். சில சமயம் அம்பு இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் போயிருமாம், பட்டுச்சா இல்லையான்னே தெரியாதாம். உடனே பின்னால ஓடினா மான் பயந்து இன்னும் தூரம் போயிருமாம். அதான் சத்தம் போடாம உக்காந்திருக்கான்."

"பாவம்," என்றார் உதயசூரியன். மானைச் சொன்னாரா அந்த மனிதனைச் சொன்னாரா என்பது அவருக்கே தெரியாது.

கல்மூங்கிலைப் பிளந்து புது வில் வளைத்தார். நைலான் கயிற்றை முறுக்கி நாண் ஏற்றினார். பொன்னுத்துரையை வீட்டுக்கே போய்ப் பார்த்து, வெறும் கையால் இழுத்துக் காட்டச் சொன்னார். பூசாரியின் கை நெஞ்சு வரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை. "அவ்வளவுதான்பா, அதுக்கு மேல முருகன் விட்ட வழி," என்றார் பூசாரி. அந்த நெஞ்சளவு இழுப்புக்குத்தான் உதயசூரியன் எல்லாவற்றையும் பொருத்தினார். முதல் அம்பு மீன் மாதிரி நெளிந்துகொண்டே போய்ச் சாய்ந்து விழுந்தது. வால் பக்கம் வாத்து இறகு கட்டியதும் நெளிவு நின்றது. நுனியில் பழைய இரும்பு போல்ட்டைத் தேய்த்துக் கூராக்கிச் செருகினார். கிடங்கின் பின்பக்கம் வாழைத்தண்டை நிறுத்தி, நெஞ்சளவுக்கு இழுத்து விட்டபோது அம்பு போய்க் கச்சிதமாகக் குத்தி நின்றது. மறுபடி விட்டார், மறுபடி நின்றது. ஜெயம்மாவை அழைத்து வந்து காட்டினார். அவள் அம்பைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள். அது அசையவில்லை. வீடு திரும்பும்போது அவள் பஸ்ஸில் அவர் தோளில் சாய்ந்து தூங்கினாள். தன் வாழ்க்கையில் ஒரு விஷயமாவது தனக்கு முழுசாகத் தெரிந்துவிட்டது என்று உதயசூரியன் நினைத்துக்கொண்டார். பாவம் மனிதர்.

இப்போதெல்லாம் ஊரடங்கு இருப்பதால் இருட்டுவதற்குள் திருவிழாவை முடித்துவிட வேண்டும். வெயில் இருக்கும்போதே முருகன் தெருமுனைக்கு வந்துவிட்டார். மேளம் ஏறியது. பொன்னுத்துரை வில்லை வாங்கினார். ஜெயம்மா போனைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி முன்வரிசையில் நின்றாள். மேளக்காரர்கள் இன்னும் ஒரு பிடி ஏற்ற, பூசாரியின் உடம்பு குலுங்கியது. கண் மேலே போனது. அருள் வந்துவிட்டது.

வில், நாண், இறகு, இரும்பு எல்லாவற்றையும் யோசித்த உதயசூரியன் இந்த ஒன்றை யோசிக்கவே இல்லை. அருள் வந்த பூசாரிக்குத் தோள்வலி ஏது? அவர் நாணை நெஞ்சைத் தாண்டி, தாடையைத் தாண்டிக் காது வரை இழுத்தார். உதயசூரியன் "சாமி, போதும்!" என்று கத்தியது மேளத்தில் அமுங்கிப்போனது.

விர்ரென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மான் அப்படியே நின்றது. அதன் விலாவில் அம்பு இல்லை. கீழேயும் இல்லை.

"அம்பு எங்க?" என்றார் ஒருவர்.

"தவறிப் போச்சு."

"வில்ல விட்டே கெளம்பல போலிருக்கு."

மேளம் ஒவ்வொன்றாக நின்றது. அருள் இறங்கிய பொன்னுத்துரை தோளைப் பிடித்துக்கொண்டு, "நின்னுச்சா?" என்று கேட்டார். ஜெயம்மா மானைப் பார்க்கவில்லை, உதயசூரியனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஓடிப்போய் மானைத் தடவினார். விலாவில் ஒரு ஓட்டை. பின்பக்கம் போனார். அங்கேயும் ஒரு ஓட்டை, சாறு வடிந்துகொண்டிருந்தது. தெருவோரத்தில் ஆளில்லாமல் நின்ற சைக்கிள் ரிக்ஷாவான சைக்காவின் சீட்டில், பஞ்சுக்குள் இறகு வரை புதைந்திருந்தது அம்பு. சைக்காக்காரர் வாய் நிறைய வெற்றிலையோடு, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நின்றார்.

பிறகு ஒரே கூச்சல். நிற்கவில்லை, அதனால் கெட்டது என்றார்கள் ஒரு பக்கம். மானைத் துளைத்துக்கொண்டே போயிற்று, அதனால் ரொம்ப நல்லது என்றார்கள் இன்னொரு பக்கம். முருகனே ஒரு தரம் ஓடிப்போன மானுக்காக வள்ளியிடம் வழி கேட்டவர்தானே என்றார் பொன்னுத்துரை, அது எந்தப் பக்கத்துக்கான வாதம் என்று யாருக்கும் புரியவில்லை. கடைசியில் எல்லோரும் உதயசூரியனிடம் திரும்பினார்கள். அம்பு செய்தவர் நீங்கள்தானே, நீங்களே சொல்லுங்கள் என்றார்கள்.

சீட்டிலிருந்து பிடுங்கிய அம்பு அவர் கையில் இருந்தது. ஓட்டை எதிரிலேயே இருந்தது. உள்ளே செருகிவிட்டு, இதோ நிற்கிறது பாருங்கள் என்று சொன்னால் யாரும் மறுக்கப் போவதில்லை. ஜெயம்மா இன்றைக்காவது நிம்மதியாகத் தூங்குவாள். அவர் கை மானின் விலாவை நோக்கிப் போனது.

"வேணாங்க," என்றாள் ஜெயம்மா பின்னாலிருந்து.

கையை எடுத்துக்கொண்டார். கூட்டத்தைப் பார்த்து, "மத்தீபூ," என்றார்.

முருகன் கோவிலுக்குத் திரும்பினார். கூட்டமும் வாதாடிக்கொண்டே பின்னால் போனது. மானின் பக்கத்தில், நடைபாதை விளிம்பில், இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நல்லதா, கெட்டதா? எங்கிட்டயாவது சொல்லுங்க," என்றாள் ஜெயம்மா.

"அந்த வீடியோக்காரங்க மானுக்கும் இப்படி ஆகுமாம். அம்பு பூந்து அந்தப் பக்கம் போயிருமாம். மான் ஓடிரும்."

"அப்ப என்ன பண்ணுவாங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டாங்க. பின்னால ஓடினா அது இன்னும் தூரமாப் போயிருமாம். சத்தம் போடாம உக்காந்திருப்பாங்க."

"பட்டுச்சா, இல்லையான்னு தெரியாமலா?"

"தெரியாமத்தான்."

ஜெயம்மா போனைத் திருப்பிப் பார்த்தாள். திரையில் ஒன்றும் இல்லை. அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அதத்தானே ஒரு வருஷமா பண்ணிக்கிட்டிருக்கோம்," என்றாள்.

போகலாமா, இருக்கலாமா என்று தெரியாமல் உதயசூரியன் பாதி எழுந்தார். அவள் அவர் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள்.