மதிலுக்கு அப்பால் விழும் கோணம்

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் போனில் பீரங்கி விளையாட்டு ஆடுவார்கள். ஆளுக்கொரு டாங்க், நடுவில் ஒரு மலை. கோணமும் வேகமும் வைத்து மாறி மாறிச் சுட வேண்டும். ஐந்தாவதோடு நின்றவன் நான். டிகிரி என்றால் என்னவென்று அதில்தான் கற்றுக்கொண்டேன். வாய் திறக்கவே கூசுகிற எனக்கு அங்கே கிடைத்த மரியாதையும் அது ஒன்றுதான்.

"இன்னாண்ணே, எப்படி வுட்டாலும் மலையிலயே போய் முட்டுது?" என்று வெல்டர் ஒருவன் கேட்டான்.

சொல்லிக்கொடுத்தேன். நாற்பத்தைந்தில் சுட்டால் குண்டு அதிக தூரம் போகும். அந்தத் தூரத்துக்குள் இருப்பதை அடிக்க இரண்டு கோணம் உண்டு. முப்பதில் விட்டால் தாழப் போய் மலையில் முட்டும். அதே வேகத்தில் அறுபதில் விட்டால் உயர ஏறி, மலையைத் தாண்டி, அதே இடத்தில் விழும்.

மறுநாள் அவன் மீந்த சாம்பார் சோற்றைக் கவரில் முடிந்துகொண்டு மதிலைப் பார்த்து நின்றான்.

"அண்ணன் சொன்ன அறுபது!"

வீசினான். அந்தப் பக்கம் தண்ணீர் தெறிக்கும் சத்தம். எல்லோரும் விசில் அடித்தார்கள். மதிலை ஒட்டி, ஒடிசாவிலிருந்து வந்த கூலிக்காரர்களின் தகரக் கொட்டகைகள். அது அவர்கள் குடிக்கிற தண்ணீர் டிரம். லாரி இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் வரும். தெரிந்தும் நானும் இளித்தேன். 

சாயங்காலம் அந்த வழியாகப் போனேன். ஒரு பெண் டிரம்மைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் மிதக்கும் தண்ணீர் முருங்கைச் சக்கையோடு மண்ணில் ஓடியது. என் யூனிஃபார்மைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

லாரி வந்து போன மறுநாள் மறுபடியும் கவர்கள் தயாராயின.

"வேணாம்பா" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"அவங்க ஒரு மூடி போட்டு வெச்சா இன்னாவாம்? குரு, காத்து எந்தப் பக்கம் அடிக்குது, சொல்லு!" என்றான் வெல்டர்.

எழுந்து கேட்டுக்கு வெளியே போய், மதிலைச் சுற்றி, டிரம்மை மறைத்துக்கொண்டு நின்றேன். கவர் மதிலுக்கு மேலே எழும்பியது. எங்கே விழும் என்று தெரிந்தது. நகரவில்லை. தோளில் விழுந்து வெடித்தது.

"வுழுந்துச்சா?" என்று உள்ளேயிருந்து விசிலோடு ஒரு குரல்.

"எம்மேலதான்டா வுழுந்துச்சு! இன்னும் எத்தினி கீதோ போடுங்க, இங்கதான் நிக்கிறேன்!" என்று கத்தினேன். விசில் நின்றது.

அந்தப் பெண் டிரம்மிலிருந்து ஒரு சொம்பு மொண்டு நீட்டினாள். அதில் கழுவ எனக்கு மனம் வரவில்லை. வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, வழியும் சாம்பாரோடு வேலைக்குத் திரும்பினேன். என்னைக் கண்டதும் வெல்டர் மூக்கைப் பொத்திக்கொண்டான். அவன் தின்று மீந்த சோறுதான்.