பிள்ளைகள் ஏன் வருந்தினார்கள்

இங்கிலீஷ் புத்தகத்துப் பிள்ளைகள் மீது எனக்கு அந்த வயதில் தீராத கோபம் இருந்தது. அவர்களுக்கு எப்போதும் ஒரு மாமா இருப்பார். மாமாவுக்கு ஒரு பண்ணை இருக்கும். லீவு விட்டால் ரயிலேறிப் போவார்கள், குதிரைக்குட்டியின் மேலேறி விழுவார்கள், அழுதால் யாராவது கேக் கொடுப்பார்கள். இந்தச் சீமான் வீட்டுச் செல்வங்களைப் பற்றி வாசித்து, கீழே இருக்கிற கேள்விகளுக்குப் பதில் எழுதினால்தான் என்னை நர்ஸ் வேலைக்குப் பழக எடுப்பார்கள் என்று சொன்னால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் பூண்டுலோயாவுக்கு மேலே இருந்தது. அப்பா காசநோயில் போய்ச் சேர்ந்த பிறகு தொழிலாளர் லயத்தின் ஒற்றைக் காம்பராவில் நானும் அம்மாவும் மட்டும்தான். டவுன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அம்மா கொழுந்து எடுக்க மலைக்குப் போவாள். நான் பிள்ளைக்காம்பராவில் இருப்பேன். வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. அங்கிருந்த ஆயாவுக்கு நான் கையுதவி. அது தோட்டத்துக் கணக்கில் வேலை இல்லை. செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் என் பேர் கிடையாது. பேர் ஏறாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அந்த நாட்களில் எனக்கும் அம்மாவுக்கும் இருந்த ஒரே கவலை.

ஆனால் கணக்கப்பிள்ளைக்குக் கண் நன்றாகத் தெரியும். மலையில் ஆட்களை மேய்ப்பவர் அவர். அம்மாவைக் காணும்போதெல்லாம் நிறுத்திக் கேட்பார்.

"என்னம்மா, மக வளந்து நிக்குது. இன்னும் பேர் பதியலியா?"

"பரீட்ச எழுதப் போகுதுங்க ஐயா. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

"பரீட்ச எழுதி தொரைசானியாகப் போகுதாக்கும். சரி, முடியட்டும். பாஸ் பண்ணலைன்னா மறுநாளே பேர் பதிஞ்சிரணும். ஆள் பத்தலைன்னு தொரை என்னையத்தான் கேக்குறாரு."

அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பேர் பதிந்தால் அவ்வளவுதான் என்பது அவருக்கும் தெரியும். என்னோடு பள்ளிக்கூடம் வந்தவர்கள் இரண்டு பேர் எனக்கு முன்பே பதிந்திருந்தார்கள். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அவர்கள் தங்கள் அம்மாக்களைப் போலவே நடக்கத் தொடங்கினார்கள், இடுப்பில் கை வைத்து நின்றார்கள், அவர்களைப் போலவே சலித்துக்கொண்டார்கள். அவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பயமாக இருந்தது. வேறு நல்ல வார்த்தை போட்டு அதை அழகாக்க நான் விரும்பவில்லை.

வழி காட்டியவர் ஒரு வெள்ளைக்கார சிஸ்டர். நுவரெலியாவில் சிஸ்டர்மார் நடத்திய ஆஸ்பத்திரியிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை மருந்துப் பெட்டியோடு பிள்ளைக்காம்பராவுக்கு வருவார். ஒருநாள் பால்மா டின்னின் மேலே எழுதியிருந்ததை நான் தொட்டில் பிள்ளைக்குச் சத்தமாக வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். வேறு வாசிக்க என்ன இருந்தது அங்கே. சிஸ்டர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"நீ ஆங்கிலம் வாசிக்கிறாயா, மகளே?" என்றார். பூசைப் புத்தகத்திலிருந்து பொறுக்கி எடுத்த தமிழ் அவருடையது.

அவர்களுடைய ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளைகளை எடுத்து நர்ஸ் வேலை பழக்கினார்கள். தங்க இடம், சாப்பாடு, வெள்ளை உடுப்பு எல்லாம் அங்கேயே. அரசாங்க ஆஸ்பத்திரியாக இருந்தால் பிரஜாவுரிமை கேட்பார்கள். எங்களிடம் அது இல்லை. சிஸ்டர்மார் அதைக் கேட்கவில்லை. இங்கிலீஷ் மட்டும்தான் கேட்டார்கள். ஒரு பாடத்தைக் கொடுப்பார்கள், மனதுக்குள் வாசித்துக் கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். அடுத்த முறை வந்தபோது பழைய வாசிப்புப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். மாமாவும் பண்ணையும் குதிரைக்குட்டியும் அதில்தான் இருந்தார்கள்.

அர்த்தம் கேட்க ஆளில்லை. தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு இங்கிலீஷில் கையெழுத்துப் போட வரும். அதற்கு மேல் கேட்டால் கோபம் வரும். ஆகவே நானே ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். கேள்வியில் இருக்கும் வார்த்தை பாடத்தில் எங்கே இருக்கிறதென்று தேடுவது, அந்த வரியை அப்படியே பெயர்த்து எழுதிவிடுவது. மாமா என்ன கொடுத்தார் என்று கேட்டால் மாமா இருக்கும் வரியைப் பிடி. பையன் ஏன் ஓடினான் என்று கேட்டால் ஓட்டம் இருக்கும் வரியைப் பிடி. எதுவும் புரிய வேண்டிய அவசியமே இல்லை. புத்தகம் முழுவதையும் இப்படியே எழுதி முடித்தேன். இங்கிலீஷ் என்பது இவ்வளவுதானா என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

சிஸ்டர் வாசித்துப் பார்த்தார். எல்லாம் சரி என்று சிரித்தார். பிறகு புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "இப்போது உன் சொந்த வார்த்தையில் சொல். அந்தப் பையன் ஏன் ஓடினான்?" என்றார்.

நான் அவருடைய கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பாடத்தில் இருக்கும் வரியை எழுதினால் மதிப்பெண் இல்லை, மகளே. நோயாளி சொல்வதைத் திருப்பிச் சொல்கிற பெண் எங்களுக்கு வேண்டாம். புரிந்துகொள்கிற பெண் வேண்டும்."

அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. பரீட்சைக்கு அதிக நாள் இல்லை.

அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே மறு கையில் புத்தகத்தைப் பிடித்து வாசித்தேன். வார்த்தைகள் தனித்தனியே தெரிந்தன. சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் நிற்கவில்லை. வரியின் முடிவுக்குப் போவதற்குள் அதன் தலை மறந்துபோகும். ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தும் அந்தப் பையன் ஏன் ஓடுகிறான் என்று பிடிபடாமல் ஒருநாள் அழுதுவிட்டேன். நான் அழுததைப் பார்த்துக் குழந்தைகளும் அழத் தொடங்கின.

"ஏன்டி, அது என்னா ஒப்பாரிப் புஸ்தகமா?" என்றார் ஆயா.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் புத்தகத்தைக் கானுக்குள் வீசி எறிந்தேன். மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த வாய்க்கால் அது. எறிந்த வேகத்திலேயே நானே இறங்கி எடுத்தேன். அம்மா அதை அடுப்புக்கு மேலே பிரித்து வைத்து ஒவ்வொரு பக்கமாகக் காய வைத்தாள்.

"கான் தண்ணியில போட்டா இங்கிலீசு கரைஞ்சிருமா, கண்ணு?" என்று மட்டும் கேட்டாள்.

பரீட்சை அன்று அம்மாவும் வேலைக்குப் போகாமல் என்னோடு வந்தாள். தலவாக்கலையில் பஸ் மாறி நுவரெலியாவுக்குப் போனோம். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த மண்டபத்தில் மேசை போட்டிருந்தார்கள். மற்றப் பெண்கள் எல்லாரும் சப்பாத்துப் போட்டிருந்தார்கள். அம்மா வெளியே படியில் உட்கார்ந்துகொண்டாள். சிஸ்டர் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். திருப்பச் சொன்னதும் திருப்பினேன். வாசிக்க வாசிக்க எனக்கு நடந்தது எனக்கே நம்ப முடியவில்லை. புரிந்தது.

பொழுது விடியுமுன் பிள்ளைகள் எழும்புகிறார்கள். குளிர். தூரத்தில் மேளம் அடிக்கிற சத்தம் கேட்கிறது. ஓடுகிறார்கள். ஆட்கள் வரிசை வரிசையாக நிற்கிறார்கள். குதிரை மேல் ஒரு பெரிய மனிதர். சிவப்புக் கோட்டுப் போட்டவர்கள். ஒருவர் கையில் கம்பை வைத்துக்கொண்டு சத்தம் போடுகிறார். இதெல்லாம் என்ன என்று தலைப்பிலேயே எழுதியிருந்தது. பரேட்.

பெரட்டு. தோட்டத்தில் பிறந்தவருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் தப்படித்து எழுப்புவார்கள். ஆட்கள் பெரட்டுக்களத்தில் போய் வரிசையாக நிற்பார்கள். யார் எந்த மலைக்கு என்று அங்கேதான் பிரித்து விடுவார்கள். எங்கள் தொரைக்கு மோட்டார் சைக்கிள். அவருக்கு முன்னிருந்தவர் குதிரையில் வருவார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். கம்போடு சத்தம் போடுகிறவர் கணக்கப்பிள்ளை அல்லாமல் வேறு யார். கோட்டுப் போட்டவர்கள் கங்காணிமார். எங்கள் கங்காணிகள் கறுப்புக் கோட்டு. வேறு தோட்டத்தில் சிவப்பாக இருந்துவிட்டுப் போகட்டும். நடுவில் மார்ச் என்று ஒரு வார்த்தை வந்தது. மாசத்தின் பெயரைச் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்களே, அச்சுப் பிழை என்று நினைத்தேன்.

கடைசியில் பரேட் முடிகிறது. பிள்ளைகள் பேசாமல் வீட்டுக்குத் திரும்பி நடக்கிறார்கள். கேள்வி இதுதான்: பிள்ளைகள் ஏன் வருந்தினார்கள்? உன் சொந்த வார்த்தையில் எழுது.

அதற்குரிய வரி பாடத்தில் இல்லை. எனக்கு அது தேவைப்படவும் இல்லை. மார்ச் வெயிலில் கொழுந்து குறையும். வேலை குறையும். பெரட்டில் நின்றவர்களில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்புவார்கள், சின்னவர்களை முதலில். அன்றைய வேலை கிடைப்பதை எங்களிடம் பேர் கிடைப்பது என்றுதான் சொல்வோம். அதை அப்படியே வார்த்தைக்கு வார்த்தை இங்கிலீஷில் எழுதினேன். பிள்ளைகளுக்குப் பேர் கிடைக்கவில்லை, அதனால் வருந்தினார்கள். எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. கேக் தின்னும் பிள்ளைகளை விட்டுவிட்டு முதல் தடவையாக எங்களைப் பற்றி ஒரு பாடம் போட்டிருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். பாஸ் என்று எனக்குள் தீர்மானமாகிவிட்டது.

தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது பக்கத்து மேசையில் எழுதிய பெண்ணும் கூடவே வந்தாள். ஏதோ ஒரு தோட்டத்துக் கிளாக்கரின் மகள்.

"அந்தப் பரேட் பாடம் லேசா இருந்துச்சு, இல்லைங்களா?"

"ஆமாங்க. எங்க தோட்டத்துப் பெரட்டு மாதிரியே இருந்துச்சு."

அவள் சிரித்தாள். கேலியாக இல்லை, நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"அது ஊர்வலங்க. பட்டாளத்துக்காரங்க பேண்டு வாசிச்சுக்கிட்டுப் போறாங்க. புள்ளைங்க வேடிக்க பாக்க வந்திருக்காங்க. வேடிக்க முடிஞ்சிருச்சேன்னுதான் அதுங்களுக்கு வருத்தம்."

முடிந்துவிட்டதே என்று வருத்தப்பட உலகத்தில் ஒரு பெரட்டு இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் திரும்பி மண்டபத்துக்குள் ஓடினேன். சிஸ்டர் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், என் பேப்பரக் குடுங்க. ஒரு வரி மாத்தணும். ஒரே ஒரு வரிங்க சிஸ்டர்."

"எல்லோருக்கும் ஒரே நேரம், மகளே."

"அந்த வார்த்த எங்க தோட்டத்துல வேறங்க சிஸ்டர்."

அவருக்கு நான் சொன்னது விளங்கவில்லை. என் தோளில் கை வைத்து, செபம் செய்யச் சொன்னார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற நிலையை இன்று நினைத்தாலும் என் மேலேயே எனக்கு இரக்கமாக இருக்கிறது. அவ்வளவு கிட்டத்தில் இருந்தது அந்தத் தாள்.

பஸ் ஸ்டாண்டில் அம்மா ரொட்டியும் சம்பலும் கட்டியிருந்த பொட்டலத்தைப் பிரித்தாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. எனக்குப் பாதியைப் பிய்த்துக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"என்னா கேட்டிருந்தாங்க?"

"ஒரு கதம்மா. விடியுமுன்ன மேளச் சத்தம் கேட்டு புள்ளைங்க பெரட்டுக்கு ஓடுதுங்க. பெரட்டு முடிஞ்சதும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வீட்டுக்குத் திரும்புதுங்க. ஏன் அதுங்களுக்கு வருத்தம்னு கேட்டிருந்தாங்க."

அம்மா வாயிலிருந்த ரொட்டியை மெல்லுவதைக்கூட நிறுத்தவில்லை.

"பேர் கெடச்சிருக்காது."

"அதத்தாம்மா எழுதினேன்."

"அப்பறமென்ன. பாசுதான்."

"இல்லம்மா. அது தப்பு."

"என்னா தப்பு?"

ஊர்வலத்தைப் பற்றிச் சொன்னேன். பேண்டு, பட்டாளம், வேடிக்கை எல்லாம் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்குக் கோபம் வருவதை நான் அதிகம் பார்த்ததில்லை, அன்று வந்தது.

"வெள்ளக்காரப் புள்ளைங்கன்னு மொதல்லயே சொல்லியிருக்கணும்ல. நம்ம புள்ளைங்கன்னு நெனச்சுல்ல நீ எழுதிப்புட்ட."

என் பாதி ரொட்டியைப் பொட்டலத்திலேயே திருப்பி வைத்தேன். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தோம். பஸ் மலையிறங்கும் வரை அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிவு வர இன்னும் நாள் இருந்தது. ஆனாலும் அவள் என் பக்கம் திரும்பி, என் உச்சந்தலையில் விரலை வைத்து அழுத்திக் காட்டினாள்.

"கொழுந்துக் கூடக் கயிறு இந்த எடத்துலதான் வந்து உக்காரும். துணிய நாலா மடிச்சு வச்சுக்கிட்டீன்னா வலி தெரியாது" என்றாள்.