பத்துத் தந்தியும் பெண்கள் பக்கத்து ஜன்னலும்

எங்கள் வேதக்கோயிலில், அதாவது சர்ச்சில், ஏசி மாட்டிவிட்டார்கள். ஜன்னல்களையெல்லாம் செங்கல் வைத்து அடைத்துப் பூசியாயிற்று. குளுகுளு என்று இருக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் பெண்கள் பக்கம் கடைசி ஜன்னல் இருந்த இடத்தில் வெறும் சுவரைப் பார்த்ததும் என் விரல்கள் தானாக அசைந்தன. அந்த ஜன்னலுக்கு வெளியே நின்று வாசித்தே பேர் எடுத்தவன் நான். பெருமை பேசுகிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன், இன்று திங்கள்சந்தையிலும் தக்கலையிலும் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். பேசத்தான் செய்வேன்.

கிட்டார் என்றால் உங்களுக்கு ஆறு தந்தி. என்னுடையதில் பத்து. ஆறு, விரலால் அழுத்தி வாசிக்க. மேலே தடித்த தந்தி நாலு. அழுத்த வேண்டாம், தொட்டாலே அடிவயிற்றில் உறுமும். உடம்பும் பெரிது. மடியில் வைத்தால் எதிரே இருப்பவனுக்கு என் தலை மட்டும்தான் தெரியும். கொழும்பில் வேலை பார்த்த என் மாமா ஒரு பறங்கிக்காரர் வீட்டில் வாங்கி வந்தது, நெல் அவித்து விற்ற எங்கள் வீட்டில் மூட்டைகளுக்கு நடுவே கிடந்தது. இன்றைக்கும் நெல் அவிக்கிற வாசம் வந்தால் எனக்குப் பசிக்காது, பாட்டு வரும்.

முதலில் அதைக் கோயில் ஹார்மோனியத்தின் சுருதிக்கு உயர்த்த, முறுக்கு முறுக்கு என்று முறுக்கினேன். தந்தி அறுந்து கன்னத்தில் கோடு போட்டது. மாமா சிரித்தார்.

“லேய், அது தாழ்ந்த தொண்டைக்காரன். கத்தச் சொன்னா அடிக்கத்தான் செய்வான்.”

அறுந்த தந்திக்கு மாற்று எங்கே போக? நான் வேலைக்கு நின்ற சைக்கிள் கடையில் ஒரு வண்டியைத் தலைகீழாக நிறுத்தினேன். பின்சக்கரத்து நடுவில் உருக்குக் கம்பியை மாட்டி, பெடலைச் சுற்றச் சுற்ற, பழைய டைனமோவில் உருவிய செம்புக் கம்பியை அதன்மேல் நெருக்கி ஓடவிட்டேன். கம்பியும் சேர்ந்து சுழன்று செம்பைச் சுற்றிக்கொண்டது. கையெல்லாம் செம்பு நாற்றம். ஆனால் தந்தி பேசியது.

திருவிதாங்கூர் ராஜ்ஜியம் போய், நாங்கள் இன்னும் மெட்ராசோடு சேராமல் கிடந்த காலம் அது. கோயிலில் பாட்டு நடத்தியவர் ஜவுளிக்கடை முதலாளி. ஹார்மோனியம் அவர் கொடுத்தது. ஆகவே அவருடைய கீச்சுத் தொண்டை எட்டுகிற உயரத்தில்தான் சபை முழுதும் பாட வேண்டும். பாடகர் குழுவில் எனக்கும் ஒரு இடம் கேட்டுப் போனேன்.

“இது என்னலே, சவப்பெட்டிக்குக் கம்பி கட்டி வச்சிருக்கியா?”

“கிட்டார் மொதலாளி.”

“கிட்டாருக்கு ஆறு கம்பி. மிச்சத்த அறுத்துட்டு வந்து இரி.”

“இதுல மிச்சம்னு ஒண்ணும் இல்ல மொதலாளி” என்று வந்துவிட்டேன்.

விளைச்சலுக்கு நன்றி சொல்கிற அறுப்புப் பண்டிகை வந்தது. ஆலயத்துக்குள் வாழைக்குலையும் பலாப்பழமும் காணிக்கைச் சேவல்களுமாகக் குவிந்திருந்தன. நான் பெண்கள் பக்கத்துக் கடைசி ஜன்னலுக்கு வெளியே போய் நின்றேன். நிழலுக்காகத்தான். வேறு எதற்கோ என்று என் மனைவி இன்றும் சொல்வாள். அவளும் அன்று உள்ளே இருந்தவள்.

கீர்த்தனையை முதலாளி தன் உயரத்தில் எடுத்தார். அதே பாட்டை நான் என் தாழ்வில் எடுத்தேன். ஜன்னலோரப் பாயில் இருந்தவர்கள் தேங்காய் மட்டையை, நாங்கள் தொண்டு என்போம், அடித்துத் தல்லி நாராக்கிக் கயிறு திரிக்கிற பெண்கள். தும்புத் தூசியில் கரகரத்த குரல்கள். முதலில் அவர்களில் ஒருத்தி, தங்கம் அக்கா, என்னோடு இறங்கிப் பாடினாள். பிறகு அந்தப் பாய் முழுதும். ஒரே பாட்டு, ஆண்கள் பக்கம் ஒரு சுருதி, பெண்கள் பக்கம் ஒரு சுருதி. நடுவில் சேவல்கள் வேறு. ஹார்மோனியம் நின்றது. பெண்கள் நிற்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் முதலாளி நேரே என்னிடம் வந்தார்.

“ஆராதனையக் கெடுத்துட்டியே. மன்னிப்பு கேளுலே.”

ஜன்னலுக்குள்ளிருந்து தங்கம் அக்காதான் பதில் சொன்னாள். “எதுக்கு மொதலாளி? இத்தன வருசமும் நாங்க வாயத்தான் அசச்சோம். இன்னைக்குத்தான் பாடியிருக்கோம்.”

“அப்பம் கம்பிய அறுத்துட்டு அவன் உள்ள வரட்டும்.”

“அறுத்தா எங்க தொண்டையும் போவும்லா.”

“நான் இங்கனயே நிக்கேன்” என்றேன். நின்றேன், வருஷக்கணக்காக. மழை பெய்தால் குடை கிட்டாருக்கு, நனைவது நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி அந்த ஜன்னலைச் சாத்தச் சொன்னார். முதல் பாட்டுக்கே தங்கம் அக்கா கொக்கியைத் தூக்கிவிட்டாள்.

முதலாளி போய்ச் சேர்ந்தார். தொண்டு தல்ல மிஷின் வந்தது. தங்கம் அக்காவின் கல்லறை அந்த ஜன்னலுக்கு நேர் வெளியே இருக்கிறது. போன வாரம் சபைப் பையன்கள் வந்தார்கள்.

“தாத்தா, உள்ள ஒங்களுக்குச் சேர் போட்டிருக்கோம். மைக்கும் உண்டு.”

“பத்துத் தந்தி உண்டு, பாத்துக்கிடு.”

“பத்தும் கொண்டு வாங்க தாத்தா.”

நல்ல பிள்ளைகள். போய் உட்கார்ந்து வாசித்தேன், கை தட்டினார்கள். ஆராதனை முடியுமுன் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து என் பழைய இடத்தில், தங்கம் அக்காவின் கல்லறை அருகே, நின்றேன். உள்ளே அடுத்த பாட்டு ஓடியிருக்கும். பூசிய சுவருக்கு இப்பால் ஒன்றும் கேட்கவில்லை. அவர்களுக்கும் என்னைக் கேட்டிருக்காது. கொக்கியைத் தூக்க அங்கே ஜன்னலும் இல்லை, ஆளும் இல்லை. அந்த அறுப்புப் பண்டிகைக் கீர்த்தனையைத் தொடக்கத்திலிருந்து எடுத்து, பத்துத் தந்தியிலும் வாசித்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.