இருபத்தைந்து விநாடி வானம்

போன வாரம் காரிமங்கலத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளையின் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தபோது லைட்காரர் சட்டென்று போகஸ் விளக்கை அணைத்தார். "போடுய்யா லைட்ட!" என்று நான் போட்ட சத்தத்தில் மணப்பெண் கையிலிருந்த பூச்செண்டு விழுந்துவிட்டது.

"என்னண்ணா, போட்டோக்காரருக்கு இருட்டுன்னா பயமா?" என்று சிரித்தார் லைட்காரர்.

பயம்தான். உங்களிடம் சொல்வதற்கென்ன.

சில வருடங்களுக்கு முன் அரூரைத் தாண்டி, மலையடிவாரத்தில் பத்து நாள் மௌனத் தியான முகாமுக்குப் போயிருந்தேன். ஞானம் தேடியெல்லாம் இல்லை. "உங்க வாய்க்குப் பத்து நாளு லீவு விடுங்க, எங்க காதுக்கும் லீவு கெடைக்கும்" என்று மனைவிதான் பெயர் கொடுத்துவிட்டாள். செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். கேமராவை நான் தலையணை உறைக்குள் திணித்துக் கொண்டுபோனேன். மண்டபத்து சீரியல் பல்புகளையே பார்த்த கண்ணுக்கு, ஊர் வெளிச்சம் எட்டாத அந்த வானத்தைப் பால்வீதியோடு ஒரு படம் எடுத்துவிட ஆசை. தியானத்தில் கண்ணை மூடினாலும் அதுதான் தெரிந்தது.

அறையில் என்னோடு தர்மபுரி பெயிண்ட் கடை கரீம் பாய். மௌனம் தொடங்குமுன் பேசிக்கொண்டது இவ்வளவுதான்:

"நமக்குச் சர்க்கரைங்க. ராத்திரி நாலு தடவ எந்திரிப்பேன். கோச்சுக்காதீங்க."

"நான் கொறட்ட விடுவேங்க பாய். சரியாப் போச்சு."

பிறகு எட்டு நாள் முகம் பார்க்கவில்லை, அது விதி. தைல வாசனையும் செருப்புச் சத்தமும்தான் எனக்குப் பாய்.

கழிப்பறைப் பாதை ஒரு கிணற்றோரமாகத் திரும்பும். பாறையில் வெட்டிய கிணறு, சுற்றுச்சுவர் கிடையாது. அதற்காகவே அங்கே கம்பத்தில் ஒரு பல்பு விடிய விடிய எரியும். அந்த ஒற்றைப் பல்புதான் என் வானத்தைக் கெடுத்தது. எட்டாம் நாள் இரவு, பாய் நாலாவது முறையும் போய்வந்து படுத்ததைக் கணக்கு வைத்துக்கொண்டு வெளியே போய் அதை அணைத்தேன். வானம் தலைக்குமேல் அப்படியே இறங்கி வந்தது.

கேமராவைக் கல்மேல் வைத்து அழுத்தினேன். ஷட்டர் இருபத்தைந்து விநாடி திறந்திருக்க வேண்டும். மூச்சடக்கி எண்ணினேன். எட்டு நாளில் அப்படியொரு தியானம் எனக்குக் கூடவில்லை.

ஒன்பதில் செருப்புச் சத்தம் கேட்டது. ஐந்தாவது முறை! பழகிய பாதைதானே என்று பாய் இருட்டிலேயே வந்துகொண்டிருந்தார். பன்னிரண்டு. திரும்ப வேண்டிய இடத்தில் சத்தம் திரும்பவில்லை; நேரே போனது. பதின்மூன்று. கத்தினால் மௌனம் கலையும், கேமரா பிடிபடும், படமும் போகும். பதினான்கு. பதினைந்து. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பதினாறு வரை எண்ணினேன்.

வாயைத் திறந்தால் கிணறு என்ற சொல் வரவில்லை. பன்னிரண்டு வருடமாக மண்டபங்களில் கத்திய வாய், தெரிந்ததைத்தான் கத்தியது:

"சார், அப்படியே நில்லுங்க! அசையாதீங்க!"

எத்தனை கல்யாணத்தில் குரூப் போட்டோவுக்கு நின்ற மனிதர்! விறைத்து நின்றுவிட்டார். ஓடிப்போய்ப் பல்பைப் போட்டேன். அவருடைய வலது கால் கட்டைவிரல் கிணற்றுக்குமேல் நீட்டிக்கொண்டிருந்தது. சிரிக்கச் சொல்லாததுதான் பாக்கி.

சத்தம் கேட்டு முகாம்காரர்கள் ஓடி வந்தார்கள். கேமரா என் துண்டுக்குள் போய்விட்டது.

"பல்பு எப்புடியோ அணைஞ்சு போச்சுங்க," என்றார் பாய். "இவரு மட்டும் கத்தலீன்னா நான் இல்லீங்க."

பத்தாம் நாள் எல்லோரும் பேசலாம் என்றானதும் என் தோளில் கைபோட்டு, முகாம் முழுக்க அழைத்துப்போய்க் காட்டினார். பேசக் கூடாத இரவில் கத்திய வாய், பேச வேண்டிய பகலில் மௌனம் காத்தது. அதன்பிறகு ஒவ்வொரு பக்ரீத்துக்கும் என் வீட்டுக்குப் பிரியாணி வந்தது. நானும் தின்றேன். அடுத்த வருடம் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வருடமும் தின்றேன்.

இந்த வருடம் பாய் மவுத்தாகிவிட்டார். துக்கம் கேட்கப் போனபோது அவர் மகன் சொந்தக்காரர்களிடம், "அத்தாவக் கெணத்துல வுழாம புடிச்சவரு இவருதாங்க" என்று சொல்லி, எனக்கு நாற்காலி போட்டார். உட்கார்ந்துகொண்டேன்.

அரூர்ப் பக்கம் போனபோது அந்த இடத்தையும் பார்த்தேன். கிணற்றை மூடி மனை போட்டிருக்கிறார்கள். வரிசையாகக் கம்பங்களில் வெள்ளை விளக்குகள். அண்ணாந்து பார்த்தால் ஏழெட்டு நட்சத்திரம் தேறுவதே பெரும்பாடு. முகாமில் பல்பு வெளிச்சம் பட்டுப் பாதியில் கெட்ட அந்தப் படத்தை அன்றிரவே அழித்துவிட்டேன். நடந்ததைக் கேட்டு என்னை நாலு வார்த்தை திட்டும் உரிமை இருந்த ஒரே மனிதரும் இப்போது இல்லை.