புதன்கிழமை யார் கறி தின்பார்கள்

விடுதியில் சேர்ந்த அன்று, பெட்டியை அறையில் வைப்பதற்கு முன்பே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மெஸ்ஸில் வெஜ்ஜா, நான்வெஜ்ஜா? மேசைக்குப் பின்னால் இருந்த வார்டன் எல்லாரிடமும் ஒரே குரலில் கேட்டுக்கொண்டிருந்தார். மாதம் பிறக்கும்போது மட்டும்தான் மாற்றலாம் என்றும் சொன்னார். இன்ஜினியரிங்கில் என்ன பிரிவு எடுப்பது என்றுகூட நான் இவ்வளவு யோசித்ததில்லை. வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"வெஜ்ஜுன்னே போட்டுக்கோங்க மேடம். கறி ஞாயித்துக்கெழமதான? பிள்ள அன்னைக்கு வீட்டுக்கு வந்துருவா."

"இங்க புதனும் ஞாயிறும் போடுவோம்மா."

"புதங்கெழமையா?" அம்மா நிஜமாகவே திகைத்துப்போனாள். "புதங்கெழம யாரு மேடம் கறி திம்பாக?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அம்மா மேல் ஆத்திரம் வந்தது, சிரித்தவர்கள் மேல் அதைவிட. ஆனால் வெம்பக்கோட்டைப் பக்கம் எங்கள் தெருவில் யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார்கள். தெரு முழுக்கப் பட்டாசு கம்பெனிக்குப் போகிறவர்கள். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கறி. மற்ற நாட்களில் இருட்டோடு எழுந்து ஆக்கி, தூக்குவாளியில் அடைத்துக்கொண்டு கம்பெனி வண்டிக்கு ஓடுகிறவர்கள் எப்போது மசாலா அரைப்பது? வார்டன் என் பெயருக்கு நேராக வெஜ் என்று எழுதினார்.

மெஸ்ஸில் வெஜ்காரர்களுக்கு ஓரமாக ஒரு மேசை. பிறந்ததிலிருந்தே சைவமான பெண்கள் அங்கே இருந்தார்கள். அதில் ஒருத்தி, "உங்க வீட்லயும் சுத்த சைவமா?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"வாரத்துல ஆறு நாள்" என்றேன்.

அதன்பிறகு அவள் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று எழுத ஆசைதான். புதன்கிழமைகளில் கோழிக் குழம்பின் வாசனை மேசை பார்த்து வருவதில்லை என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஊருக்குப் போய்விடுவேன். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். பட்டாசு மருந்து கலந்து அம்மா கையில் ஒட்டியிருக்கும் அலுமினியப் பொடியைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் கறியைத் தொடுவாள். அப்படியும் நகக்கண்ணில் வெள்ளி மினுங்கும். எனக்கு எலும்பாகப் பொறுக்கிப் போடுவாள். அதிகம் பேச மாட்டாள். சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் எனக்குத் திரும்பும் நேரம் வந்துவிடும்.

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு ஞாயிறு, பஸ்ஸை விட்டு இறங்கியபோது தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. அடுத்த வீட்டு அத்தை மட்டும் காய்ச்சலோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"சீசன்லா பிள்ள, ஞாயிறும் வேல. ஒங்கம்மா மட்டும் நீ வாரேன்னு லீவப் போட்டுக்கிட்டு கெடக்கா. போர்மேன் அம்புட்டு பேருக்கு முன்னால வஞ்சிட்டாரு. போனஸ்ல கைய வைப்பாக பாரு."

உள்ளே அம்மா ஒன்றும் நடக்காதது மாதிரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டுவிட்டு வந்தேன். மறுமாதம் பிறந்ததும் வார்டனிடம் போய் நான்வெஜ் என்று மாற்றினேன். அம்மாவிடம், "இனி ஞாயிறு அங்கனயே சாப்பிட்டுக்கிடுதேன், படிக்கவும் நெறைய இருக்கு, நீ வேலைக்குப் போ" என்று போனில் சொன்னேன். சரி என்று மட்டும் சொன்னாள். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

அந்த ஞாயிறு முதல்முறையாக மெஸ்ஸின் நடு மேசையில் உட்கார்ந்தேன். சாயங்காலம் விடுதி போனுக்கு அம்மா கூப்பிட்டாள்.

"என்ன போட்டாக?"

"கோழி."

"ஒறப்பா இருந்துச்சா?"

"இருந்துச்சு. நீ வேலைக்குப் போனியா? என்ன ஆக்குன?"

"போனேன். ரசந்தான்."

"கறி எடுக்கலயா?"

"ஒத்த ஆளுக்கு யாரு பிள்ள கறி எடுப்பா?"

புதன்கிழமையைப் பற்றிக் கேட்ட அதே குரல். அதில் குறையும் இல்லை, கோபமும் இல்லை. மெஸ்ஸில் நான் அசைவத்துக்கு மாறியதும் வீட்டில் அம்மா சைவத்துக்கு மாறிவிட்டாள். அவளுக்கு அதை எழுதிக்கொள்ள ஒரு வார்டன்கூட இல்லை.

அடுத்த ஞாயிறும் விடுதியில் கோழிதான். நான் முதல் பஸ்ஸில் ஊருக்குப் போனேன். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். அதற்குமுன் நான் கறி ஆக்கியதே கிடையாது. கடையில் கறி எடுத்து வந்து, அம்மியில் மசாலா அரைத்து, கண் எரிய எரிய எப்படியோ ஆக்கி முடித்தேன்.

வெயில் தாழக் கம்பெனி வண்டி வந்தது. அம்மா வாசலிலேயே நின்று மோந்து பார்த்தாள். "இங்கன என்ன பண்ணுத?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். எலும்பாகப் பொறுக்கி அவள் தட்டில் போட்டேன்.

"உப்புக் கூடிப்போச்சு" என்றாள். தட்டைக் காலி செய்துவிட்டு, மறுபடி என் பக்கம் நீட்டினாள்.